கேஜிபி கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்

தலைவரைப் புகழ எத்தனையோ வழிகள் உண்டு. மன்றம் வைத்துப் புகழலாம். லாரியில் ஆள் ஏற்றி வந்து புகழலாம். பாடப் புத்தகத்தில் நுழைத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கலாம். 2024 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ரீகன்’ படம் இவற்றையெல்லாம் தாண்டிவிட்டது. நாட்டின் 40-வது அதிபர் ரொனால்டு ரீகனின் அருமை பெருமைகளைச் சொல்ல அது பிடித்துவந்த ஆள், சோவியத் உளவு அமைப்பான கேஜிபியில் இருந்து ஓய்வுபெற்ற உளவாளி.

விக்டர் பெத்ரோவிச் என்று பெயர். கற்பனைப் பாத்திரம். ஓர் இளம் ரஷ்ய அரசியல்வாதி அவரைத் தேடி வந்து, ‘நாம் எப்படித் தோற்றோம்?’ என்று கேட்கிறார். கிழவர் ஆரம்பிக்கிறார். ரீகன் பையனாக இருந்தது, ஆற்றில் மூழ்கியவர்களைக் காப்பாற்றியது, ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளை விரட்டியது, குதிரை ஏறியது, குண்டடிபட்டது, பெர்லின் சுவர் முன்னால் முழங்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மனிதர் உருகுகிறார். ‘அவர் யார் தெரியுமா?’ என்று வில்லனின் அடியாளே நடுங்கிச் சொல்லும் காட்சி நம் சினிமாவில் ஐந்து நிமிடம் வரும். இங்கே படமே அதுதான்.

ரீகனாக வருபவர் டென்னிஸ் குவைட். அறுபதைத் தாண்டிய வயதில், முப்பதுகளில் இருக்கும் ரீகனாகவும் அவரேதான் நடிக்கிறார். பேரன் எடுத்த வயதில் கல்லூரிக்குப் போன கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை. உளவாளியாக வருபவர் ஜான் வாய்ட். டொனால்டு டிரம்பின் பரம பக்தர். விமர்சகர்கள் படத்தைக் கிழித்தார்கள். பார்க்கப் போனவர்கள் கைதட்டினார்கள். பக்தர்கள்தானே போனார்கள்! வசூல் சுமார் 3 கோடி டாலர். 2025 ஜனவரியில் டிரம்ப், வாய்ட்டை ஹாலிவுட்டுக்கான சிறப்புத் தூதராக நியமித்தார். சில வாரங்களில், 2024-ன் மிக மோசமான துணை நடிகருக்கான ராஸி விருது அவருக்குக் கிடைத்தது. விருதுக்குக் காரணமான படங்களில் ‘ரீகன்’ ஒன்று. நியமனத்தையும் விருதையும் சேர்த்தே ஒரே மேடையில் கொடுத்திருந்தால் அரசுக்குச் செலவு மிச்சம்.

சிரித்தாகிவிட்டது. இனி ஒரு கேள்வி. அமெரிக்க அதிபருக்கு நற்சான்று கொடுக்க எதிரி நாட்டு உளவாளி எதற்கு? உள்ளூரில் ஆளே இல்லையா?

இருக்கிறார்கள். நிறையப் பேர். ஆனால் அவர்கள் சொல்லும் சாட்சியம் வேறு மாதிரி.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைக் கூப்பிட்டிருக்கலாம். 1980 தேர்தலில் அவர்களின் தொழிற்சங்கம் ரீகனை ஆதரித்தது. மனிதர் நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர். 1960-ல் நடிகர்களின் வேலைநிறுத்தத்துக்கே தலைமை தாங்கியவர். நம்மாள் என்று நம்பினார்கள். 1981 ஆகஸ்ட் 3-ம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 5-ம் தேதி, 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பினார் நம்மாள். அரசு வேலைக்கு ஆயுள் தடையும் சேர்த்து. ஓட்டுக் கேட்கும்போது தோழர், கூலி கேட்கும்போது துரோகி. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கலாம். மதிய உணவுச் செலவை வெட்டினார்கள். வெட்டிய பிறகு தட்டில் காய்கறி குறைகிறதே, என்ன செய்வது? 1981 செப்டம்பரில் வேளாண்மைத் துறை ஒரு வழி கண்டுபிடித்தது. ஊறுகாய் வகையறாவையும் காய்கறிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று வரைவு விதி போட்டது. தக்காளி கெட்சப்பும் காய்கறிதானா என்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. அந்த மாதமே விதியைச் சுருட்டி வைத்தார்கள். அதே செப்டம்பரில் வெள்ளை மாளிகையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அதிபரின் மனைவி நான்சி புதிய பீங்கான் விருந்துப் பாத்திரங்கள் வாங்குகிறார். 4,370 உருப்படிகள். 2 லட்சம் டாலருக்கு மேல். தனியார் அறக்கட்டளை பணம் கொடுத்தது, மக்கள் வரிப்பணம் இல்லை என்றார்கள். சரி. அப்படியொரு கொடையாளியைப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

அரசாங்கம்தான் பிரச்சினை என்று பதவியேற்பு உரையில் அறிவித்தவர் ரீகன். சிக்கனத்தின் திருவுருவம். அவர் ஆண்ட 8 ஆண்டுகளில் பெரும் பணக்காரர்களின் உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக இறங்கியது. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர். அது 8 ஆண்டும் ஒரு சென்ட் ஏறவில்லை. தேசத்தின் கடன் சுமார் 1 லட்சம் கோடி டாலரிலிருந்து இரண்டரை லட்சம் கோடிக்கும் மேலே போனது. சிக்கனம் யாருக்கு, செலவு யாருக்கு என்று கேட்காதீர்கள். நாற்பதாண்டு கழித்து எடுத்த படத்திலும் பதில் இல்லை.

நடிகர் நாடாளலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் 1980-ல் எழுந்தது. அப்போது நம்மூரில் எம்.ஜி.ஆர். இரண்டாவது தேர்தலையும் வென்று உட்கார்ந்திருந்தார். ஆகவே அந்தக் கேள்வியை நாம் கேட்கப் போவதில்லை. 1951-ல் ஒரு சிம்பன்சிக் குட்டியுடன் நடித்தது குற்றமா? இல்லவே இல்லை. அந்தப் படத்தில் சிம்பன்சி நன்றாகவே நடித்திருக்கும். சிக்கல் வேறு. அதிபர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் எது சினிமா, எது நடந்தது என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

1983 டிசம்பர் 12. நாட்டின் உயர்ந்த வீர விருது பெற்றவர்களின் கூட்டம். ரீகன் ஒரு கதை சொன்னார். இரண்டாம் உலகப் போர். அடிபட்ட குண்டுவீச்சு விமானம். காயத்தோடு சிக்கிக்கொண்ட சிப்பாய், அவனைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கீழே விழுந்து செத்த தளபதி. செத்த பிறகு அவருக்கு வீர விருது. அரங்கம் கலங்கியது. ஒரு பத்திரிகையாளருக்குச் சந்தேகம் வந்தது. போரில் அந்த விருது பெற்ற அத்தனை பேரின் பதிவுகளையும் புரட்டினார். அப்படி ஒருவருமே இல்லை. ஆனால் அதேபோன்ற காட்சி இருந்தது. 1944-ல் வந்த ஒரு சினிமாவில். வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளரிடம் கேட்டார்கள். ஒரே கதையை ஐந்து முறை சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றார் அவர். கூச்சமே இல்லாமல்.

‘ரீகன்’ படத்தை எடுத்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான திரைக்கதைப் பயிற்சி கிடைத்திருக்காது.

நாட்டின் நாட்காட்டி யார் கையில் இருந்தது என்பது தனிக் கதை. 1981 மார்ச் 30 அன்று ரீகனைச் சுட்டார்கள். படமே அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நான்சி அம்மையார் சான் பிரான்சிஸ்கோ ஜோதிடர் ஜோன் குவிக்லியிடம் தஞ்சம் புகுந்தார். அதிபர் எப்போது புறப்பட வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது வாயைத் திறக்கவே கூடாது என்று ஜோதிடர் தொலைபேசியில் குறித்துக் கொடுத்தார். நல்ல நாளுக்குப் பச்சை, கெட்ட நாளுக்குச் சிவப்பு, சந்தேகமான நாளுக்கு மஞ்சள் என்று நாட்காட்டியில் வண்ணம் தீட்டி வைத்துக்கொண்டு அரசு நடத்தினோம் என்று 1988-ல் புத்தகம் போட்டு உடைத்தவர் அதிபரின் தலைமை அலுவலராக இருந்த டொனால்டு ரீகன்... இல்லை, அதிபர் ரொனால்டு ரீகன் இல்லை, கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொருவர். ராகு காலம் பார்க்கும் மாமியை மூடநம்பிக்கை என்று திட்டுகிறோம். மாமியின் மேசையில் அணுகுண்டுப் பொத்தான் இல்லை.

இதுவரை சொன்னதற்கெல்லாம் சிரிக்கலாம். இனி சொல்வதற்கு முடியாது.

1981 ஜூனில் ஒரு புதிய நோய் பற்றிய முதல் குறிப்பை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமே வெளியிட்டது. பிறகு அதற்கு எய்ட்ஸ் என்று பெயர் வந்தது. 1982 அக்டோபரில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார். செய்தித் தொடர்பாளர் ஜோக்கடித்தார். அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒலிப்பதிவில் இருக்கிறது. செத்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஓரினச் சேர்க்கையாளர்கள். ஓட்டு வங்கி இல்லை. மதத் தலைவர்களுக்குப் பிடிக்காது. அப்படியானால் அதிபருக்கு என்ன அவசரம்? 1985 செப்டம்பரில் ஒரு நிருபர் கேட்ட பிறகுதான் நான்கு வார்த்தை பேசினார். நோய்க்கென்றே ஒரு முழு உரை ஆற்றியது 1987 மே மாதக் கடைசியில். அதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் புதைத்தாகிவிட்டது. படம் இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியது? பாட்டுக்கு நடுவே ஓடும் போராட்டக் காட்சிகளில் சில நொடி. குதிரைக்கு அதைவிட அதிக நேரம்.

எல் மொசோட்டே. இந்த ஊரின் பெயர் உளவாளி விக்டரின் வாயில் வராது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வதோர் நாட்டு மலைக் கிராமம். 1981 டிசம்பரில் ராணுவத்தின் அட்லகாட்ல் படைப்பிரிவு அங்கே புகுந்தது. அமெரிக்கா பயிற்சி கொடுத்து வளர்த்த பிரிவு. ஆண்களைத் தனியே கொன்றார்கள். பெண்களைத் தனியே கொன்றார்கள். குழந்தைகளை மாதா கோயிலை ஒட்டிய கட்டடத்தில் அடைத்துக் கொன்றார்கள். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து ஆயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். 1982 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் இரண்டு பெரிய நாளிதழ்கள் நேரில் போய் எழுதிய செய்தியை வெளியிட்டன. மறுநாள், ஜனவரி 28. எல் சால்வதோர் அரசு மனித உரிமையில் முன்னேறி வருகிறது, ஆகவே ஆயுத உதவி தொடரலாம் என்று சான்றளித்துக் கையெழுத்துப் போட்டார் ரீகன். ஒரே நாள் இடைவெளி. படுகொலையை நம்ப ஆதாரம் போதாது என்று அவருடைய அதிகாரிகள் நாடாளுமன்றக் குழுவிடம் இழுத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1992-ல் தோண்டினார்கள். அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. கூடவே கிடந்த தோட்டா உறைகளில் அமெரிக்கத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தது.

ஆறு வயதுக் குழந்தை எந்தக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினர் என்று யாரும் ரீகனைக் கேட்கவில்லை.

பக்கத்து நாடு குவாத்தமாலா. அங்கே ரியோஸ் மோன்ட் என்ற ராணுவச் சர்வாதிகாரி மாயா பழங்குடிக் கிராமங்களை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருந்தார். 1982 டிசம்பர் தொடக்கத்தில் ரீகன் அவரைச் சந்தித்தார். நேர்மையான மனிதர், அவர்மேல் அநியாயமாகப் பழி போடுகிறார்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். அதே வாரம் தோஸ் எர்ரெஸ் என்ற கிராமத்தில் குவாத்தமாலா ராணுவத்தின் சிறப்புப் படை 200 பேருக்கு மேல் கொன்று கிணற்றில் போட்டது. 2013-ல் குவாத்தமாலா நீதிமன்றம் ரியோஸ் மோன்ட்டை இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. பத்து நாளில் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பெரிய மனிதர்களுக்கு எந்த நாட்டிலும் மேல் நீதிமன்றம் உண்டு.

சுதந்திர உலகத்தின் காவலர் என்று உளவாளி புகழ்கிறாரே, அந்தக் காவலர் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை 1986 செப்டம்பரில் ரத்து அதிகாரம் கொண்டு தடுத்தார். அவர் கட்சிக்காரர்களே சேர்ந்து அதைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். சுதந்திரத்துக்கும் தோல் நிறம் உண்டு போலிருக்கிறது.

ஈரான் விவகாரம் படத்தில் வருகிறது. சுருக்கமாக. தும்மல் மாதிரி வந்து போகிறது. நடந்தது என்ன? பயங்கரவாதிகளோடு பேச்சே கிடையாது என்று மேடைதோறும் முழங்கிய அரசு, ஈரானுக்குத் திருட்டுத்தனமாக ஏவுகணை விற்றது. 1986 மே மாதம் அதிபரின் ஆட்கள் சாவி வைத்த கேக் எடுத்துக்கொண்டு ரகசியமாக டெஹ்ரானில் இறங்கினார்கள். விற்ற பணத்தில் ஒரு பகுதி நிகராகுவாவின் கான்ட்ரா கூலிப்படைக்குப் போனது. அந்தப் படைக்கு உதவக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது. நவம்பரில் விஷயம் வெடித்தது. பிணைக்கைதிகளுக்காக ஆயுதம் விற்கவில்லை என்று தொலைக்காட்சியில் சத்தியம் செய்தார் ரீகன். 1987 மார்ச் 4 அன்று மறுபடியும் தொலைக்காட்சி. விற்கவில்லை என்றுதான் என் நெஞ்சு சொல்கிறது, ஆதாரங்கள்தான் வேறு மாதிரி சொல்கின்றன என்றார்.

இப்படிப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நம்மூர் கீழ்க்கோர்ட்டில் ஒரு பிக்பாக்கெட் கொடுத்துப் பார்க்கட்டும். பர்ஸை எடுக்கவில்லை என்கிறது என் நெஞ்சு, என் பைதான் வேறு சொல்கிறது, ஐயா. என்ன கிடைக்கும்? ரீகனுக்குக் கைதட்டல் கிடைத்தது. மாட்டிக்கொண்ட ஆறு அதிகாரிகளுக்கு 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொது மன்னிப்பு கிடைத்தது. கொடுத்தவர் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ். ஆயுதம் விற்ற காலத்தில் ரீகனுக்குத் துணை அதிபர்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ரீகனும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒரு வகை அணு ஆயுதத்தையே இரு வல்லரசுகளும் உடைத்துப் போட்டன. நல்ல காரியம். பெரிய காரியம். அதற்காக ரீகனைச் சோவியத்தின் கைப்பாவை என்ற ரீதியில் வசைபாடியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க வலதுசாரிகள். இன்று டிக்கெட் வாங்கிக் கண்ணீர் விடும் கூட்டத்தின் மூத்த தலைமுறை. பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பரில். ரீகன் பதவியை விட்டு ஏறக்குறைய பத்து மாதம் ஆகியிருந்தது. தெருவில் இறங்கியவர்கள் கிழக்கு ஜெர்மனி மக்கள். டாங்கி அனுப்பாமல் இருந்தவர் கோர்பச்சேவ். படத்தில் அவ்வளவு பெருமையும் ஒரே ஒருவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. சுவரை இடித்தவர்கள் துணை நடிகர்கள்.

செத்துப்போன தலைவர்களிடம் ஒரு வசதி உண்டு. மறுத்துப் பேச மாட்டார்கள். அவர்கள் வாயில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ரீகன் 2004-ல் இறந்தார். அன்றிலிருந்து குடியரசுக் கட்சியில் அவருக்குச் சாமி அந்தஸ்து. ‘அமெரிக்காவை மீண்டும் உயர்த்துவோம்’ என்ற டிரம்பின் கோஷமே 1980-ல் ரீகன் தேர்தலுக்குப் போட்ட கோஷம்தான்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு ஒரு காரியம் செய்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் போட்டது. அதில் நடிகர் இல்லை. உளவாளி இல்லை. ரீகனின் சொந்தக் குரல். 1987 ஏப்ரல் 25 அன்று அவர் ஆற்றிய வானொலி உரை. இறக்குமதி வரியை ஏற்றினால் கடைசியில் அடி வாங்குவது அமெரிக்கத் தொழிலாளியும் வாடிக்கையாளரும்தான் என்று அந்தக் குரல் சொன்னது. வாக்கியங்களின் வரிசை மாற்றப்பட்டிருந்தது. வார்த்தைகள் அவருடையவை.

பக்தர்களின் தலைவருக்குப் பொறுக்கவில்லை. விளம்பரமே போலி என்றார் டிரம்ப். ரீகனுக்கு இறக்குமதி வரி என்றால் உயிர் என்றார். அக்டோபர் 23 அன்று கனடாவுடன் வர்த்தகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். விளம்பரம் அதற்குப் பிறகும் ஓடியது. கனடாவுக்கு மேலும் 10 சதவீத வரி என்று அறிவித்தார்.